முன்னறை

மோவாயை இதில் வையுங்கள்,
நெற்றி பட்டையைத் தொடட்டும்,
என் காதைப் பாருங்கள்.
ஒரு நாளில் நாற்பது பேரிடம் சொல்வது.
காரைக்கால் தமிழை வீட்டு பீரோவில் பூட்டிவிட்டு
சென் பியேர் ஆஸ்பத்திரியில்
கிரியோலில்தான் சொல்வேன்.

கிளோவி கனபாடி, ஐம்பத்தெட்டு.
சென் லூயி நகராட்சி, கொசு ஒழிப்புப் பிரிவு.
கனபாடி என்பது
ரெயூனியனில் கப்பல் இறங்கிய நாளில்
ஏதோ குமாஸ்தாவின் காதில்
கணபதி விழுந்த விதம்.

பிப்ரவரியில் காய்ச்சல்.
தீவில் யாருக்குத்தான் இல்லை, அந்தப் பிப்ரவரியில்.
கணுக்கால் வீங்கி, ரொட்டி வாங்கப் போகவும்
சுவரைப் பிடித்து நடந்தாராம்.
அது ஆறிற்று. ஏப்ரலில்
வலக்கண் சிவந்தது.

எங்கள் ஊராயிருந்தால் மெட்ராஸ் ஐ என்று
கறுப்புக் கண்ணாடி மாட்டி
மூன்று நாள் லீவு கொடுத்திருப்பார்கள்.
இது அதில்லை. பீளை இல்லை.
கருவிழியைச் சுற்றி மட்டும் ஊதாச் சிவப்பில் ஒரு வளையம்.
வெளிச்சம் பட்டால்
பல்வலி கண்ணில் வந்த மாதிரி, என்றார்.

விளக்கைக் கீற்றாக்கி உள்ளே விட்டேன்.
கொட்டகையில் புரொஜக்டர் ஒளியில்
பீடிப்புகையும் தூசும் மிதக்குமே, அப்படி.
தெளிந்த நீர் மட்டுமே இருக்கவேண்டிய முன்னறையில்
வெள்ளணுக்கள்:
வெதுவெதுப்பான பக்கம் ஏறி
குளிர்ந்த பக்கம் இறங்கி,
போக இடமில்லாத கூட்டம்.
எண்ணுவதுதான் என் வேலை.
இருபதுக்கு மேல் எண்ணவில்லை.

மோவாய் வைத்தவர்கள் பேசக்கூடாது. பேசினார்.
இவ்வளவு கோர்வையாக அல்ல:

கல்லறைத் தோட்டம் என் பங்கு.
ஆயிரம் ஜாடி இருக்கும்.
ஒவ்வொன்றாய்க் கவிழ்த்து
ஈரமணல் நிரப்ப வேண்டும்.
பூ செத்துப்போகுமே என்று
ஒருத்தி குடையால் அடித்தாள்.
சாகட்டும் மதாம், இங்கே
எல்லாரும் அப்படித்தானே வந்தார்கள் என்றேன்.
சொல்லியிருக்கக்கூடாது.

பதினேழாவது வரிசையில் ரோஸ்-மே.
அந்த ஜாடியை மட்டும்
தொடவில்லை.
ஆந்தூரியம். ஞாயிறுதோறும் தண்ணீர் மாற்றுவேன்.
ஜனவரியில் இரண்டு ஞாயிறு மழை.
போகவில்லை.

நெற்றி பட்டையை விட்டு விலகியது.
அழுத்தி வையுங்கள் என்றேன்.

வரிக்கொசு பிறந்த இடத்தை விட்டு
அதிக தூரம் பறக்காதென்று
அவருக்குத்தான் பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள்.
அவர் வீடு கல்லறை மதிலை ஒட்டி.
வேறு கொசுவாகவும் இருக்கலாம்.
டயர், கூரைக் கால்வாய், நாய்க்கு வைத்த கிண்ணம்,
எதில் பிறந்ததென்று
எந்த லென்ஸிலும் தெரியாது.
இதைச் சொல்லியிருக்கலாம்.
வெளியே இன்னும் பதினோரு பேர்.
சொல்லவில்லை.

அட்டையில் எழுதினேன்:
வலக்கண், அணுக்கள், மூன்று பிளஸ்.
ஜாடிக்கு அதில் கட்டம் இல்லை.

கண்மணியை விரிக்கும் சொட்டு. இருபது நிமிடம்.
வட்டமாய் விரியவில்லை.
இரண்டு இடத்தில் படலம் லென்ஸோடு ஒட்டி
ஓரம் கடித்த பிஸ்கட் மாதிரி நின்றது.
டாக்டர் ஸ்டீராய்டு எழுதினார்,
மணிக்கொரு தரம், தூங்கும் நேரம் தவிர.
தூக்கமா, என்று கேட்டார் கனபாடி.

நாலாம் வாரம் வந்தார்.
கீற்றில் இரண்டோ மூன்றோ தூசு.
ஓர் ஒட்டு விட்டிருந்தது.
மற்றது இனி விடாது.

மணல் போட்டுவிட்டேன், என்றார்.
நான் கேட்கவில்லை.
பூ நேராகத்தான் நிற்கிறது, செவ்வாய் வரைக்கும்.
பிறகு?
பிளாஸ்டிக் வை என்கிறான் மகன்.
ரோஸ்-மேக்குப் பிளாஸ்டிக் பிடிக்காது,
என்றார், அசையாமல்,
நான் சொல்லிக்கொடுத்தபடியே
என் காதைப் பார்த்து.